ஹெல்மெட்டுக்குக் கீழே ஒரு சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் ஒரு ஹெல்மெட்டைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் சிலர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஹெல்மெட்டுக்குக் கீழே, ஒரு குவியலின் உச்சியில், ஒரே ஒரு சீட்டு. விளையாடுகிற சீட்டு. அதைத் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, ஃபேன் போடக் கூடாது, பலமாகத் தும்மக் கூடாது. தீர்ப்பு சொல்ல வேண்டிய நீதிபதி ஒரு கத்தைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்.

அந்த நீதிபதி நான்தான்.

எனக்குச் சீட்டாடத் தெரியாது. சின்ன வயதில் கழுதை ஆட்டத்தில்கூட நான்தான் கழுதை. பிறகு எப்படி இந்தப் பதவி? "நீங்க பேப்பர்ல வாரம் வாரம் எழுதறீங்க, உங்களுக்கு எல்லாம் கொத்தாகும் சார், எல்லாம் தெரியும்" என்று அசோசியேஷன் பிரசிடென்ட் கௌடா சார் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். வாராவாரம் எழுதுகிறவனுக்கு எவ்வளவு தெரியும் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கௌடா சாருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால்தான் என்மேல் அவருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

சரி, முதலில் இருந்து வருகிறேன்.

பெங்களூரில் ஜீவனஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் கட்டடம். கட்டியவர் வீடுகளை எண்ணிக் கட்டினார், கார்களை எண்ண மறந்துவிட்டார். கூரை போட்ட பார்க்கிங் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வெட்ட வெளி. அந்த வெட்ட வெளியிலும் ஒரு மூலையில், ஒரு தென்னை மரத்துக்கு நேர் கீழே, ஸ்டெல்லா டீச்சரின் கார் நிற்கும்.

ஸ்டெல்லா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன கையோடு ஒரு சின்ன சிவப்புக் கார் வாங்கி, டிரைவிங் ஸ்கூலில் பேத்தி வயதுப் பெண்களோடு சேர்ந்து ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஆனேக்கலில் இருக்கிற தங்கை வீட்டுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவார். அந்தக் கார்தான் அவருக்கு உலகம்.

அந்த உலகத்தின் மேல் ஒரு நாள் தேங்காய் விழுந்தது.

பானெட்டில் ஒரு கிண்ணம் அளவுக்குப் பள்ளம். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், காக்கா வந்து குடிக்கும். மரத்தை வெட்டலாமா? கார்ப்பரேஷன் பர்மிஷன் வேண்டும் என்றார்கள். அதைவிட முக்கியம், மரத்தின் தேங்காய் எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கு போடப்படுகிறது. சட்னியை விட்டுக்கொடுக்க யார் முன்வருவார்கள்? மரம் ஏறுகிறவர் அவருக்கு மனசு வந்தால் வருவார். அதுவரை தேங்காய் தானாக வரும்.

டீச்சர் ஒரு ஹெல்மெட் வாங்கினார். மாடிப்படி முடிகிற இடத்தில் அதை மாட்டிக்கொள்வார். கார் வரைக்கும் விறுவிறுவென்று நடப்பார். உள்ளே உட்கார்ந்ததும் கழற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, சீட் பெல்ட் போட்டுக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவருக்கு நிஜமாகவே பயம். "தலையில தேங்காய் விழுந்து நான் போயிட்டேன்னா, பாஸ்டர் என்னத்தைச் சொல்லி ஜெபம் பண்ணுவார்? அவருக்கே சிரிப்பு வந்துடாதா?" என்று என்னிடம் ஒரு தடவை கேட்டார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூருக்குப் போனது. கூரை போட்ட பார்க்கிங்கில் ஒரே ஒரு இடம் காலி!

ஜெனரல் பாடி மீட்டிங் கூடியது. டீச்சர் கேட்டார். கூடவே சதீஷும் கேட்டான். சதீஷ் சேலத்துக்காரன், சாஃப்ட்வேர், ஆன்சைட் என்று சொல்லி அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பியவன். புதிதாகக் குடிவந்ததால் அவனுக்குக் காம்பவுண்டுக்குள் இடமே கிடையாது. அவனுடைய பெரிய வெள்ளிக் கலர் காரைத் தெருவில்தான் விடுகிறான். மாடு உரசிவிட்டுப் போகிறது, தண்ணி லாரி இடித்துவிட்டுப் போகிறது. அவன் வேதனையும் நியாயம்தான். வரப்போகிற மாப்பிள்ளையின் காருக்காக உமாபதியும் கேட்டார். ஏற்கெனவே ஒரு இடம் வைத்திருக்கிற கௌடா சாரும், சும்மா இருக்கட்டுமே என்று கேட்டார்.

"பேர் எழுதிக் குலுக்கிப் போட்டுடலாம்" என்றார் கௌடா சார்.

"போன தடவை மொட்டை மாடி ரூமுக்குக் குலுக்கினப்போ உங்க வீட்டம்மா எடுத்தாங்க, உங்க பேர்தான் வந்தது" என்றார் உமாபதி.

அதோடு குலுக்கல் செத்தது. அப்போதுதான் சதீஷ் எழுந்தான்.

"லக்கே வேண்டாம் சார். ஸ்கில் பார்ப்போம். போக்கர் டோர்னமென்ட் வைப்போம். ஜெயிக்கிறவங்களுக்குக் கவர்ட் பார்க்கிங். எங்க ஆபீஸ்ல டீம் பில்டிங்குக்கே போக்கர்தான்."

டீச்சர் இருக்கிற சபையில் சீட்டாட்டமா? எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"காசு வெச்சு ஆட மாட்டேன். பார்க்கிங் வெச்சு ஆடலாம். அதைப் பத்தி வேதத்துல ஒண்ணும் சொல்லலை."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. டீச்சரின் புகுந்த வீடு கோலார் தங்கவயல். கிறிஸ்மஸ் வாரம் முழுக்க அங்கே ரம்மிதான். மாமனார், நாத்தனார், கொழுந்தன் என்று மொத்தக் குடும்பத்தையும் உட்கார வைத்து வருஷா வருஷம் தோற்கடித்தவர் எங்கள் ஸ்டெல்லா டீச்சர். சதீஷுக்கு இது தெரிந்தபோது அவன் சிரித்தான். "ரம்மி வேற, போக்கர் வேற ஆன்ட்டி" என்றான். அவன் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது அப்போது அவனுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆபீஸ் பிரின்டரில் ரூல்களை அச்சடித்துக்கொண்டு வந்து, கத்தையாக என் கையில் கொடுத்தான் சதீஷ். உலகத்தில் எந்த டோர்னமென்ட் நடந்தாலும் இதுதான் சட்டமாம்.

போக்கர் தெரியாதவர்களுக்கு — அதாவது போன வாரம் வரை நான் இருந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு — சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, ரகசியமாக; அதுதான் அவரவர் 'கை'. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, மல்லாந்த மேனிக்கு. உங்கள் இரண்டையும் பொது ஐந்தையும் வைத்து யாருடைய சேர்க்கை பெரியதோ அவர் ஜெயித்தார். நடுநடுவே பந்தயம் ஏற்றிக்கொண்டே போகலாம். தைரியம் இல்லையென்றால் கையிலிருக்கும் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டு ஒதுங்கலாம். அதற்குப் பெயர் ஃபோல்ட்.

ஆட்டம் ஆரம்பிக்கும் முன் சதீஷ் எழுந்து நின்று, முக்கியமான ரூல்களை விளக்கினான்.

"சீட்டைக் கவுத்துத் தள்ளினா ஃபோல்ட். செத்த கை. வேண்டாத சீட்டுக் குவியல்ல கலந்துடுச்சுன்னா, அப்புறம் அழுதாலும் திரும்ப வராது. அடுத்தது — வாய் பேசறது செல்லாது, கார்டுதான் பேசணும். ஜெயிச்சேன்னு கத்தினா பிரயோஜனம் இல்ல. ரெண்டு சீட்டையும் மல்லாத்திக் காட்டணும். கடைசியா — அவங்கவங்க கையை அவங்கவங்கதான் பாதுகாத்துக்கணும். சீட்டு மேல வெயிட்டா ஏதாவது வெச்சுக்குங்க."

சொல்லிவிட்டு அவன் தன் சீட்டின் மேல் பளபளவென்று ஒரு அமெரிக்கக் காசை வைத்தான். உமாபதி வீட்டுச் சாவியை வைத்தார். கௌடா சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு சீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியைப் போட வேண்டும், கண்ணாடியைப் போட்டால் சீட்டுக்குப் பாதுகாப்பு போய்விடும். மனிதர் அன்றைக்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. டீச்சர், காரிலிருந்து இறங்கி நேரே வந்திருந்ததால், ஹெல்மெட்டைத் தூக்கிச் சீட்டின் மேல் கவிழ்த்தார்.

பந்தயத்துக்குக் காசு கூடாது என்பதால் வறுத்த வேர்க்கடலை. ஆளுக்குச் சமமாக அளந்து கொடுத்தோம். இதில் ஒரு சின்ன அபாயம் இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. உமாபதி பேச்சு சுவாரஸ்யத்தில் தன்னுடைய பாதிக் கடலையைத் தின்றுவிட்டார். தின்ற கடலையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று என்னிடம் அப்பீல் செய்தார். ரூல் கத்தையைப் புரட்டிப் பார்த்தேன். உலகச் சட்டத்தில் அதற்கு வழியில்லை. மீதிப் பாதியைச் சதீஷ் ஜெயித்துக்கொண்டான். கௌடா சார் கண்ணாடியைப் போடாமல் சீட்டைப் பார்த்து, ராணி என்று நினைத்து ஜாக்கியின் மேல் எல்லாவற்றையும் வைத்துத் தோற்றார். "ஆயித்து பிடி, முடிஞ்சது விடுங்க" என்று எழுந்து போய் நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

மிச்சம் இரண்டு பேர். டீச்சர், சதீஷ். ஜெயிக்கிறவருக்குக் கூரை. டீச்சர் ஜெயித்தால் அவர் காலி செய்கிற தென்னை மரத்தடி, சதீஷுக்கு. சதீஷ் ஜெயித்தால் டீச்சருக்கு ஆயுள் முழுக்க ஹெல்மெட்.

இருவரும் சளைக்காமல் ஆடினார்கள். கடலை இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் வரும். சாயந்தரம் அதே ஹாலில் ஒரு குழந்தைக்குப் பர்த்டே. பலூனோடு ஆட்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். இன்னும் ஒரே ஆட்டம், முடிவில் யாரிடம் கடலை அதிகமோ அவருக்கே பார்க்கிங் என்று அறிவித்தேன்.

சீட்டுப் போட்டவன் சதீஷ். நடுவில் ஐந்தும் விழுந்தன. ஆர்ட்டின் ஐந்து, ஆர்ட்டின் ஆறு, கிளாவர் ராஜா, டைமண்ட் பத்து, இஸ்பேட் ஜாக்கி.

டீச்சர் ஹெல்மெட்டைத் தூக்கித் தன் சீட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு மலர்ச்சி. தன் கடலைக் குவியல் மொத்தத்தையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். பிறகு, அதிலிருந்து ஒரே ஒரு கடலையை மட்டும் எடுத்துத் திரும்பத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"ஆன்ட்டி, எல்லாத்தையும் வெச்சுட்டீங்களா? இல்லையா?"

"பானையைச் சுத்தமா வழிக்கக் கூடாதுப்பா. வீட்டுல ஒரு பிடி அரிசியாவது மிச்சம் இருக்கணும்."

இந்த ஒரு கடலைதான் எல்லா வினைக்கும் காரணம். எல்லாவற்றையும் வைத்திருந்தால், ரூல்படி இரண்டு பேரும் அந்த நிமிஷமே சீட்டை மல்லாத்திப் போட்டிருக்க வேண்டும். வழக்கும் வந்திருக்காது, நானும் தப்பித்திருப்பேன். கடலை ஒன்று மிச்சம் இருந்ததால் அந்த ரூல் பொருந்தவில்லை.

சதீஷ் சிரித்துக்கொண்டே சமமாகக் கடலை வைத்தான். அவனிடமும் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தது. இனி காட்ட வேண்டியதுதான்.

"காட்டுங்க ஆன்ட்டி."

"நீ காட்டுப்பா."

"இல்ல, நீங்க மொதல்ல."

"பெரியவங்க கேக்கறேன், நீ காட்டு."

கௌடா சார் என் விலாவில் இடித்தார். நான் கத்தையைப் புரட்டினேன். கடைசியாகப் பந்தயம் ஏற்றியவர் முதலில் காட்ட வேண்டும். "டீச்சர்தான் முதலில்" என்று கம்பீரமாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொல்லி ஒரு சபையே கேட்டது அதுதான் முதல் தடவை.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு சீட்டை உருவினார். அதை ஓங்கி, நடுவில் கிடந்த வேண்டாத சீட்டுக் குவியலின் மேல், கவிழ்த்து — படார்!

"ஷோ!"

மேஜையில் இருந்த கடலையெல்லாம் துள்ளியது.

ரம்மி ஆடுகிறவர்கள் இந்நேரம் புரிந்துகொண்டிருப்பீர்கள். ரம்மியில் எல்லாச் சீட்டும் சேர்ந்துவிட்டால், மிச்சமாகிற ஒன்றைக் குவியலின் மேல் கவிழ்த்து வைத்து "ஷோ" சொல்ல வேண்டும். மீதியைப் பிறகு ஆற அமர விரித்துக் காட்டலாம். அந்தக் கவிழ்த்தல்தான் வெற்றி முழக்கம். தங்கவயலில் எத்தனையோ கிறிஸ்மஸில் அந்த 'படார்' சத்தத்தைக் கேட்டு நாத்தனார்கள் நடுங்கியிருப்பார்கள். டீச்சரின் கைக்கு அது ஊறிப்போன பழக்கம்.

போக்கரிலோ, கவிழ்த்தால் தோல்வி!

"ஃபோல்ட்! ஆன்ட்டி ஃபோல்ட் பண்ணிட்டாங்க!" என்று சதீஷ் துள்ளிக் குதித்தான். சந்தோஷம் தாங்காமல் தன்னுடைய இரண்டு சீட்டையும் கையிலிருந்த கட்டுக்குள் சொருகி, அமெரிக்காவில் கற்றுக்கொண்ட ஸ்டைலில் ஃபர்ர்ர்ரென்று கலைத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உமாபதி கை தட்டக்கூடச் செய்தார்.

"யாருப்பா ஃபோல்ட்? ஷோன்னு சொல்றேன், காதுல விழலையா? நான் ஜெயிச்சுட்டேன்."

"வாய் பேசறது செல்லாது ஆன்ட்டி. கார்டுதான் பேசணும். உங்க கார்டு கவுந்து கெடக்கு. குவியலைத் தொட்டுடுச்சு. செத்த கை."

டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. வாசல் வழியே தென்னை மரம் தெரிந்தது. அதை ஒரு தரம் பார்த்தார். "நான் ஜெயிச்சேன்ப்பா..." என்று மறுபடி சொன்னபோது குரல் கம்மிப்போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து, போயிருந்த கரன்ட் வந்தது. தலைக்கு மேலே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. குவியலின் உச்சியில் இருந்த அந்தச் சீட்டு லேசாகப் படபடத்தது.

"ஃபேன் ஆஃப் மாடி! ஆஃப் பண்ணுங்க!" என்று அலறினார் கௌடா சார். "அது எவிடென்ஸ்! யாரும் தொடாதீங்க!"

டீச்சர் ஒரே தாவலாகத் தாவி ஹெல்மெட்டை எடுத்துக் குவியலின் மேல் கவிழ்த்தார். சதீஷ், கட்டடத்திலேயே அவனிடம் மட்டும் இருக்கிற கேமரா வைத்த செல்போனில், ஹெல்மெட்டைப் பல கோணங்களில் படம் எடுத்தான். "நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது சார்" என்றான். பர்த்டேக்கு வந்தவர்கள் பலூன் ஊதுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். வெடித்தால் தும்மலைவிட மோசம் அல்லவா?

நான் படிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கத்தில், குவியலில் போன சீட்டு செத்த சீட்டு என்று இருந்தது. அப்பாடா என்று சதீஷ் நாற்காலியில் சாய்ந்தான். இன்னொரு பக்கத்தில், கவிழ்த்த சீட்டு எது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காண முடிந்தால், எடுக்கவும் முடிந்தால், அதை மல்லாத்திக் காட்ட அனுமதிக்கலாம் என்று இருந்தது. டீச்சர் நிமிர்ந்தார். கடைசிப் பக்கத்தில், குழப்பம் வந்தால் டைரக்டர் நியாயமாகப் பட்டதைச் செய்யலாம், அவர் முடிவே இறுதியானது என்று இருந்தது. யார் அந்த டைரக்டர் என்று கௌடா சாரைக் கேட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

உமாபதி என் காதருகே வந்து, "மறுபடி முதல்லேர்ந்து ஆடச் சொல்லுங்க சார், எனக்கும் ஒரு சான்ஸ் கிடைக்கும்" என்றார். ஜன்னலுக்கு வெளியே என் மனைவி நின்று ஜாடை காட்டினாள். என்ன என்று எழுந்து போய்க் கேட்டேன். "பாத்துத் தீர்ப்பு சொல்லுங்க. நம்ம மிக்ஸி டீச்சர் வீட்டுல இருக்கு." நீதிமன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். பலமாகச் செருமாதீர்கள் என்று கௌடா சார் எச்சரித்தார்.

"சீட்டு குவியலுக்கு உச்சியிலேயே இருக்கிறது. எல்லோரும் பார்த்தோம். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. ஹெல்மெட் காவல் காத்திருக்கிறது. எது டீச்சர் சீட்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஆகவே எடுத்துக் காட்டலாம்" என்றேன்.

கௌடா சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாம்புக் கூடையைத் திறப்பவர் மாதிரி ஹெல்மெட்டைத் தூக்கினார். சீட்டு அங்கேயே இருந்தது. நகத்தால் மெல்ல எடுத்து மல்லாத்தினார்.

டைமண்ட் இரண்டு.

நடுவில் இருந்த எந்தச் சீட்டோடும் அது சேரவில்லை.

"அது வேண்டாத சீட்டுப்பா" என்றார் டீச்சர், ரொம்ப சாதாரணமாக. "மிச்சமான சீட்டைத்தானே கவுத்து வெப்பாங்க? அதைப் போய் எதுக்கு இவ்வளவு நேரம் காவல் காத்தீங்க? இதைப் பாருங்க." கையிலிருந்த இன்னொரு சீட்டை மல்லாத்தினார். ஆர்ட்டின் ஏழு. நடுவில் கிடந்த ஐந்து, ஆறு பக்கத்தில் அதைப் பாந்தமாக வைத்தார். "அஞ்சு, ஆறு, ஏழு. எல்லாம் ஆர்ட்டின். ஒரிஜினல்!"

ரம்மியில் ஜோக்கர் கலக்காத அந்த வரிசை உயிர் மாதிரி. போக்கரில்? சதீஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆன்ட்டி, மூணு சீட்டு சேர்ந்தா இங்க ஒண்ணுமே கிடையாது! ஒரு ஜோடிகூட இல்ல உங்களுக்கு! என்கிட்ட ரெண்டு ராஜா. டேபிள்ல ஒரு ராஜா. மூணு ராஜா!"

"எங்கே, காட்டு" என்றேன்.

சிரிப்பு நின்றது.

அவன் கையிலிருந்த கட்டைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஸ்டைலாகக் கலைத்த கட்டு. அவசர அவசரமாக அதை விரித்து, தேடி, இரண்டு ராஜாக்களை உருவினான். "இதோ! இதான்! இந்த ரெண்டுதான்!"

"சீட்டுக்கட்டுல ராஜா இல்லாம வேற எங்கப்பா இருப்பார்?" என்றார் டீச்சர்.

"சத்தியமா ஆன்ட்டி! என் கையில இருந்தது!"

"வாய் பேசறது செல்லாதுப்பா. நீதானே சொன்ன? கார்டுதான் பேசணும்."

செல்போனில் இருந்த படங்களை ஒன்று விடாமல் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஹெல்மெட் மட்டுமே இருந்தது.

கத்தையை மூடி வைத்தேன். தீர்ப்பு இப்போது மிகச் சுலபம். டீச்சர் கையில் ஒன்றுமே இல்லை, ஆனால் அந்தக் கை உயிரோடு இருந்தது. சதீஷ் கையில் மூன்று ராஜாக்கள் இருந்திருக்கலாம், ஆனால் அதை அவனே கலைத்துக் கொன்றுவிட்டான். உயிரோடு இருக்கிற ஒரே கைக்குத்தான் கடலை. கடலை யாருக்கோ அவருக்கே கூரை.

எனக்கு அவன்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை என்று நான் நம்புகிறேன். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ரூல் தெரியாமல் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ரூலை எல்லோருக்கும் விளக்கிச் சொல்லிவிட்டுத் தோற்றவனை இப்போதுதான் பார்க்கிறேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற அந்த ஒரு நொடியில், யாருக்குத்தான் ரூல் ஞாபகம் இருக்கிறது?

ராத்திரி சாப்பிடும்போது டீச்சரின் 'படார்' பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் விருந்தில் சாப்பிட்டு முடித்ததும் இலையை நம்மை நோக்கி மடிக்க வேண்டும். அது திருப்தியின் அடையாளம். எதிர்ப்பக்கம் மடித்தால், துக்க வீட்டுச் சாப்பாடு என்று அர்த்தம். இதே ஊரில் ஒரு கல்யாணத்தில், பக்கத்து இலைக்காரர் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுத் திருப்தியாக ஏப்பம் விட்டதைப் பார்த்து நான் பதறியிருக்கிறேன். அவர்கள் பழக்கம் அதுவாம். அவர் என் இலையைப் பார்த்துப் பதறியிருப்பார். பெங்களூர் மாதிரி ஊரில் எல்லோரும் ஒரே மேஜையில்தான் உட்கார்கிறோம், ஆனால் அவரவர் ஊர் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் வெற்றி என்று கவிழ்ப்பதை, எதிரில் இருப்பவர் தோல்வி என்று படிக்கிறார். இதில் யார் தப்பு?

"தத்துவம் போதும். மிக்ஸி எப்ப வரும்?" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை காலை. பால் வாங்கிக்கொண்டு வரும்போது பார்த்தேன். கூரைக்கு அடியில் டீச்சரின் சிவப்புக் கார், பள்ளத்தில் தண்ணீர் இல்லாமல், ஒய்யாரமாக நின்றது. காக்கா ஒன்று அதன் பானெட்டில் ஏமாற்றத்தோடு உட்கார்ந்திருந்தது. தென்னை மரத்தடியில் சதீஷின் வெள்ளிக் கார். சதீஷ் லேப்டாப் பையோடு மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று, மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ஒரு குலை, நன்றாக முற்றியிருந்தது.

பின்னாலிருந்து டீச்சர் வந்தார். கையிலிருந்த ஹெல்மெட்டை அவன் தலையில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டிவிட்டார்.

"அவங்கவங்க கையை அவங்கவங்கதான் பாதுகாத்துக்கணும்னு சொன்னியே... தலைக்கும் அதே ரூல்தான்ப்பா. ஓடு!"

அவன் ஓடினான்.